ரவை தூவியதுபோல் ஆகிவிட்ட பிரைமரை எடுக்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் தம்பியும் அத்தை மகனும் நானும் ஞாயிறுதோறும் குளூம்ஹேவன் என்னும் பலகை விளையாட்டை ஆடுகிறோம். அதில் நாம் ஏற்று ஆடும் 17 கதாபாத்திரங்களில் தொடக்கத்தில் கிடைப்பவை 6 மட்டுமே. மற்ற 11 மூடிய பெட்டிகளில் இருக்கும். நம் பாத்திரம் தன் இலக்கை முடித்து ஓய்வு பெறும்போதுதான் புதிய பெட்டியைத் திறக்கலாம் என்பதால், ஐந்து மாதம் ஆடி முதல் பெட்டியைச் சென்ற வாரம் திறந்தோம்.

அதில் இருந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் உருவத்துக்கு நண்பகலில் மொட்டைமாடியில் வைத்து ஸ்பிரே பிரைமர் (வண்ணம் தீட்டுமுன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தது என் தவறு. வெக்கையில் பூச்சு உருவத்தைத் தொடுமுன்பே காற்றில் காய்ந்து, மேலங்கியின் மடிப்புகளிலும் விரல் இடுக்குகளிலும் ரவை தூவியதுபோல் படிந்துவிட்டது. அதன் பீடத்தில் எங்கள் முகப்பின் ஆத்தங்குடிக் கல்லில் உள்ள பூவை வரைய ஆசைப்பட்டிருந்தேன். மனம் மிகவும் வருந்துகிறது.

அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும் என்பதால் அதைத் தொடவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் எவ்வளவு நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால், மெல்லிய பகுதிகள் வளையாமல் பூச்சு மட்டும் கழன்று வரும்? செட்டிநாட்டு வெயிலுக்கு ஸ்பிரேயை விட்டுவிட்டுத் தூரிகையால் பூசும் பிரைமருக்கு மாறுவதுதான் நல்லதா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். தம்பியும் இந்தக் குழுவில் இருப்பதால், இன்னும் திறக்காத பாத்திரங்களின் படங்களை மட்டும் இங்கே பகிர வேண்டாம்.