தகப்பன் கட்டினது நிக்குது, மகன் கட்டினது வெடிக்குது

பரந்தன்காரன்:
கிளிநொச்சிப் பக்கம் மூண்டு தலைமுறையாக் கட்டட வேலை செய்யிற குடும்பம், பெயர் வேண்டாம். தகப்பன் ஒரு கல்லரியிற அச்சும் ரெண்டு கையாளுமாத் தொடங்கினவர். ஒரே வளவுக்குள்ள 1984இல அவர் கட்டின வீடும், 2013இல மகன் இந்திய வீட்டுத்திட்டத்தில, போருக்குப் பிறகு இந்தியா குடுத்த காசில, கட்டின வீடும் நிக்குது. பழசுக்குக் கூரை ஷெல்லில போனது, சுவர் அசையேல்லை. புதுசு யன்னல் மூலையில இருந்து சரிவா அத்திவாரம் வரை வெடிச்சிட்டுது. கிழவர் ஒரு ரெண்டு ரூபாக் குத்தியை வெடிப்புக்குள்ள செருகினார். பாதி உள்ள போட்டுது. ஒண்டும் கதைக்கேல்லை, குத்தியை அப்பிடியே விட்டிட்டுப் போட்டார்.

களிமண் மாரியில ஊதும், கோடையில சுருங்கும். தகப்பன் நாலடி தோண்டிக் கிரவல் கண்ட பிறகுதான் கல் வைச்சவர். மகன் ரெண்டடியோட நிப்பாட்டினவர்.

மாங்குளத்தான்:
மகனில மட்டும் பிழை போடாதேங்கோ. திட்டத்தில குடுத்தது 550 சதுர அடி வீட்டுக்கு 5,50,000 ரூபா, அதுவும் தவணை தவணையா. நாலடி தோண்டினால் அத்திவாரத்திலேயே காசு கரைஞ்சிடும். அந்தக் காலம் வன்னி முழுக்க ஒரே நேரத்தில வீடு எழும்பினது, மேசன்மாரைப் பிடிக்கேலாது. ஆழம் போகேலாட்டி பிளிந்த் பீம், அதுதான் அத்திவாரத்துக்கு மேல சுத்திவர ஓடுற கம்பி வைச்ச கொங்கிறீற், போட்டிருக்க வேணும்: 10 மி.மீ. கம்பி நாலு, அதுகளைச் சுத்திக் கட்ட ஆறங்குலத்துக்கு ஒரு கம்பி வளையம். மூலையில கம்பியை வளைச்சு மற்றப் பக்கம் ஒண்டரை அடியாவது ஓடவிடாட்டி அந்த பீமும் சும்மாதான்.

முல்லைக் கரை:
ரெண்டு பேரும் வருசத்தை மறந்திட்டியள். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990ஓட நிண்டது. பிறகு வன்னிக்குச் சீமெந்துத் தடை. அந்தப் பத்து வருசத்தில வேலை பழகின பிள்ளையளின்ர கைக்கு வந்தது களிமண் சாந்து, சுண்ணாம்பு, பனங் கைமரம். 2002இல ஏ9 வீதி திறந்த பிறகுதான் கொங்கிறீற். இண்டைக்கும் அவையள் கொங்கிறீற்றுக்குத் தண்ணியை வாளியால மதிப்புக்குத்தான் ஊத்துகினம். 50 கிலோ பைக்கு 25 லீற்றர் தண்ணி காணும், மணல் ஈரமெண்டால் அதிலயும் குறைக்க வேணும். கடல் மணல் கலந்தால் கம்பி கறள் பிடிச்சு ஊதி, யன்னல் கதவுக்கு மேல போடுற லிண்டல் கொங்கிறீற்றின்ர அடி கழண்டு விழும்.

பரந்தன்காரன்:
களிமண் வெடிப்புக்குக் கடல் மணல் கதை என்னத்துக்கு?

அக்கராயன்:
பூசி மறைக்காதேங்கோ. வெடிப்புக்குக் குறுக்கால சின்னக் கண்ணாடித் துண்டு ஒண்டைச் சாந்தால ஒட்டி, பக்கத்தில திகதி எழுதுங்கோ. உடைஞ்சால் சுவர் இன்னும் அசையுது. ஒரு மாரியும் ஒரு கோடையும் உடையாமல் நிண்டால் வெட்டிப் பூசலாம். அதுக்கிடையில கூரைத் தண்ணியைப் பீலி வைச்சுத் தூர விடுங்கோ. வீட்டைச் சுத்தி மூண்டடிக்கு, வெளிப்பக்கம் சரிவா, கொங்கிறீற் போடுங்கோ. சுவரடி மண் ஒரு பக்கம் நனைஞ்சு ஒரு பக்கம் காய்ஞ்சால்தான் சரிவா வெடிக்கும். அத்திவாரத்தை ஆழமாக்கிறதெண்டால் மூண்டடித் துண்டா, ஒண்டு விட்டு ஒண்டாத் தோண்டிக் கொங்கிறீற் நிரப்ப வேணும். ஒரேயடியாத் தோண்டினால் சுவர் கீழ இறங்கிடும். கிட்ட மரம் ஏதும் நிக்குதோ? வேம்பு கோடையில அடி மண்ணை உறிஞ்சிக் காய வைச்சிடும்.

பரந்தன்காரன்:
வேம்பு நிக்குது. அந்த யன்னலில இருந்து எட்டடி. தகப்பன் நட்டது.