சர்வே கல் நடாத எல்லைகள்: ஆப்பிரிக்காவில் இருந்தவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

மெக்கெலே வாத்தியார்

ஆப்பிரிக்காவுக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போய் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காகிதத்தில் இழுத்துவிட்டுப் போன கோட்டுக்காக இரண்டு நாடுகள் மல்லுக்கு நிற்கிற இடத்தில் இருந்த அனுபவம் உண்டா? செய்தியில் படித்தது வேண்டாம். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

2012 முதல் 2019 வரை வட எத்தியோப்பியாவில், திக்ராய் மாநிலத்தின் மெக்கெலே நகரத்தில் சிவில் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு சர்வேயிங் எடுத்தேன். எல்லை அளப்பதைச் சோறுபோடும் தொழிலாக வைத்திருக்கிறவன் எல்லைக்காகச் செத்தவர்களின் ஊரில் போய் இறங்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

திக்ராய்க்கு வடக்கே ஒட்டியிருக்கும் எரித்திரியா அப்போது இத்தாலியின் காலனி. எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக்கும் இத்தாலியும் 1900, 1902, 1908 என்று மூன்று ஒப்பந்தங்களில் எல்லையைப் பேசி முடித்தார்கள். 1902 ஒப்பந்தம் செத்தித் என்ற ஆற்றில் மாய்தெப் என்ற ஓடை கலக்கும் இடத்திலிருந்து கிளம்பி மரெப் ஆற்றுக்குப் போகச் சொல்கிறது. எந்த ஓடை மாய்தெப் என்பதில்தான் வில்லங்கம். நம் ஊர்ப் பழைய பத்திரங்களில் ‘புளியமரத்துக்குக் கிழக்கே’ என்று எழுதியிருக்குமே, அந்த மாதிரி. புளியமரம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு மரத்தைக் காட்டுவார்கள்.

பின்னால் எத்தியோப்பியாவோடு சேர்ந்திருந்த எரித்திரியா 1993இல் பிரிந்து தனி நாடானது. 1998 மே மாதம் பத்மே என்ற சின்ன ஊரில் சண்டை தொடங்கி 2000 வரை நீண்டது. இரண்டு பக்கமும் பல்லாயிரம் பேர் போய்விட்டார்கள். அல்ஜியர்ஸில் ஒப்பந்தம் போட்டு, எல்லை ஆணையம் என்ன சொன்னாலும் கட்டுப்படுவோம் என்று இருவரும் கையெழுத்திட்டார்கள். 2002 ஏப்ரலில் தீர்ப்பு வந்தபோது இரண்டு பக்கமும் ஜெயித்தோம் என்று அறிவித்தது வேடிக்கை. பத்மே கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று தீர்ப்பில் வெளிப்படையாக இல்லை. எரித்திரியா பக்கம் என்று அப்புறம்தான் தெளிவானது. எத்தியோப்பியா ஊரை விடவில்லை.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். நான் சொல்ல வந்தது என் வீட்டுக்கார அம்மாவைப் பற்றி. அம்மா வயதுப் பெண்களை அங்கே ‘அதெய்’ என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அவருடைய தங்கை கட்டிக்கொடுத்த இடம் எரித்திரியாவில். மெக்கெலேயிலிருந்து எரித்திரியாவின் தலைநகர் அஸ்மாராவுக்குச் சாலை வழியே சென்னை - திருச்சி தூரம்கூட இராது. இரண்டு பக்கமும் பேசுவது திக்ரிஞா மொழி. ஆனால் 1998இலிருந்து சாலை இல்லை, விமானம் இல்லை, தபால் இல்லை, தொலைபேசியும் இல்லை.

ஜித்தாவில் அவர்களுக்கு ஒரு மருமகன் இருந்தான். மாதம் ஒருமுறை ஒரு போனில் அக்காவையும் இன்னொரு போனில் தங்கையையும் கூப்பிட்டு, இரண்டையும் தலைகீழாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவானாம். இந்த முனையில் அதெய் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டே கத்துவார். எதிர்முனையிலிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் வரும். பத்து நிமிடத்தில் பாதி ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்பதிலேயே போய்விடும்.

2018 ஜூலையில் புதுப் பிரதமர் அபிய் அகமது அஸ்மாராவுக்குப் போனார். ஓரிரு நாளில் நேரடித் தொலைபேசி வந்தது. முன்பின் தெரியாத எண்களைக் கூப்பிட்டு ‘எரித்திரியாவா? நலமா?’ என்று கேட்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அதெய் 291 போட்டுத் தங்கையின் எண்ணை அழுத்தினார். ஒரு குழந்தை எடுத்தது, தங்கையின் பேத்தி. ‘எந்த நாட்டிலிருந்து பேசுகிறீர்கள்?’ என்று கேட்டதாம். அதெய் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தங்கை வந்தாள். இருபது வருஷத்துக்குப் பிறகு நேராகப் பேசுகிறார்கள், அழுவார்கள் என்று நினைத்து நான் எழுந்து போகப் பார்த்தேன். அதெய் கேட்ட முதல் கேள்வி: ‘அங்கே தெஃப் மாவு என்ன விலை?’

ஓய்வுபெற்ற ஹவில்தார்

சார், அந்தக் கோட்டை ஒரு வருஷம் காவல் காத்தவன் நான். ஐ.நா. அமைதிப்படையில் இந்தியப் பட்டாலியன், 2005-06. எனக்கு டிரைவர் வேலை, தண்ணீர் லாரி.

எரித்திரியா மண்ணுக்குள் 25 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை, அதில் ராணுவம் வரக்கூடாது, நாங்கள்தான் இருப்போம். எல்லைக்கல் நடுவதற்காக என்று சொல்லித்தான் எங்களைக் கொண்டுபோனார்கள். நான் இருந்தவரை ஒரு கல்லை நட்டுப் பார்க்கவில்லை. 2007 முடிவில் ஆணையமே, தரையில் நட முடியவில்லை, ஆயத்தொலைவு எண்களை எழுதிக் கொடுத்துவிட்டோம், அதுவே எல்லை என்று கடையைக் கட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

தீர்ப்பு கைக்கு வந்தும் ஊர் கைக்கு வரவில்லை என்ற கோபத்தை எரித்திரியாக்காரர்கள் எங்கள்மேல் காட்டினார்கள். 2005 அக்டோபரில் எங்கள் ஹெலிகாப்டர் பறக்கக்கூடாது என்று தடை. அடிபட்டவனையும் அந்த மலைப்பாதையில் வண்டியில்தான் இறக்க வேண்டும். நான் ஊர் திரும்பியபின் டீசலையும் நிறுத்தினார்கள். டீசல் இல்லாமல் என்ன காவல்? 2008இல் படையையே சுருட்டிவிட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் லாரி ஓட்டுகிறவன்மேல் காட்டியிருக்க வேண்டாம்.

தூத்துக்குடி முந்திரி

நான் முந்திரிக்கொட்டை வாங்கத் தெற்குத் தான்சானியாவுக்குப் போகிறவன். முத்வாரா, துண்டுரு, சொங்கேயா என்று சுற்றுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலம் இல்லை என்று டிரைவரோடு ம்பாம்பா பே என்ற ஏரிக்கரை ஊருக்குப் போனேன். கடல் மாதிரி அலை, ஆனால் உப்பு வாசம் இல்லை. மணலில் பந்தல் மாதிரி மேடை போட்டு நெத்திலி போன்ற பொடி மீனைக் காயவைத்திருந்தார்கள், அங்கே தகா என்கிறார்கள். எங்கள் ஊர்க் கடற்கரையில் நிற்கிற நினைப்பில், ‘மலாவி ஏரி ரொம்ப அழகு’ என்று சொல்லிவிட்டேன்.

டிரைவர் தரையைப் பார்த்தான். விடுதிக்காரப் பெரியவர், ம்ஸே என்று மரியாதையாகக் கூப்பிடுவோம், கோபப்படாமல் திருத்தினார்: ‘மலாவி அக்கரையில் இருக்கிற நாடு. இது நியாசா.’ நியாசா என்றாலே அந்தப் பக்கத்து மொழியில் ஏரிதானாம். ஆக, நியாசா ஏரி என்றால் ஏரி ஏரி. நம் ஆட்கள் ‘நடு சென்டர்’ என்பது போல.

1890 ஜூலை 1ஆம் தேதி இங்கிலாந்தும் ஜெர்மனியும் போட்ட ஒப்பந்தம் ஏரியின் இந்தக் கரையைத்தான் எல்லை என்கிறது. தண்ணீர் முழுக்க இங்கிலாந்துக்கு, அதாவது இன்றைய மலாவிக்கு. தான்சானியா நடு ஏரியில்தான் கோடு என்கிறது. பக்கத்திலேயே மொசாம்பிக் இருக்கிறதே, அங்கே போர்ச்சுக்கலும் இங்கிலாந்தும் 1954இல் பேசி நடுவில் கோடு போட்டுக்கொண்டன. ஒரே ஏரி, மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம். 2011இல் எண்ணெய் தேட மலாவி உரிமம் கொடுத்ததும் பழைய சண்டை மறுபடி எழுந்தது. மொசாம்பிக்கின் முன்னாள் அதிபர் சிசானோ தலைமையில் பஞ்சாயத்து நடந்தது, முடிந்தபாடில்லை.

‘மலாவிக்காரர் சொல்வது சரியென்றால் தினமும் குளிக்கப் போகிறபோது பாஸ்போர்ட் எடுத்துப்போக வேண்டும்’ என்றார் ம்ஸே. கணுக்கால் தண்ணீரில் நின்றுதான் சொன்னார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கேப்டவுன் சுரேஷ் இல்லாத வேறொருவன்

எல்லாம் பெர்லின் மாநாட்டில் செய்த பாவம். 1884இல் ஐரோப்பிய நாட்டுக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவைக் கேக் மாதிரி வெட்டினார்கள்.

மெக்கெலே வாத்தியார்

அப்படிச் சொல்வது வழக்கமாகிவிட்டது, ஆனால் சரியில்லை. பெர்லினில் பங்கு போடும் விதிகளைப் பேசினார்கள். கோடுகளில் பெரும்பாலானவை அப்புறம் இருவர் இருவராக உட்கார்ந்து போட்டவை. முந்திரிக்காரர் சொன்ன 1890, நான் சொன்ன 1902 எல்லாம் அப்படித்தான். இன்னொன்று: 1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்களே, சுதந்திரம் வந்த அன்று இருந்த எல்லையை மதிப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். சோமாலியாவும் மொராக்கோவும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்தத் தீர்மானத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு கல்லைப் பிடுங்கினால் கண்டம் முழுக்கப் பிடுங்க வேண்டும். ஆனால் கோட்டை மதிப்போம் என்றவர்களிடம் கோடு எங்கே என்று கேட்டால் பதில் இல்லையே, அங்கேதான் இடிக்கிறது.

கிசுமு மீன்

இரண்டு பக்கமும் ஒரே வெள்ளைக்காரன் ஆண்ட இடத்திலும் இந்தக் கூத்து உண்டு. கென்யாவில் கிசுமு நகரத்தில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். விக்டோரியா ஏரியின் நைல் பெர்ச் மீன், லுவோ மொழியில் ம்புதா, தோலுரித்து ஐரோப்பாவுக்குப் போகும். ஏஜென்டு ஒருவரோடு 2011இல் மிகிங்கோ தீவுக்குப் போனேன்.

தீவு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். அரை ஏக்கர் பாறை. ஆமை ஓடு மாதிரி இருக்கும், அதன்மேல் தகரக் கொட்டகைகள் ஒன்றோடொன்று ஒட்டி. முடிவெட்டும் கடை, சாராயக் கடை, ஐஸ் பெட்டிகள். கால் வைத்தால் யாராவது ஒருவர் வாசலில்தான் வைக்க வேண்டும். இருநூறு மீட்டரில் இதைவிடப் பெரிய உசிங்கோ தீவு காலியாகக் கிடக்கிறது. ஏன் அங்கே குடியேறவில்லை என்றேன். பேய் இருக்கிறதாம்.

மிகிங்கோ யாருடையது? கென்யா, உகாண்டா இரண்டும் சொந்தம் கொண்டாடின. உகாண்டா போலீஸ் 2004இல் கொடி நட்டது. 1926இல் பிரிட்டிஷ் அரசு போட்ட உத்தரவில் எல்லை ஏரிக்குள் எந்தெந்தப் புள்ளி வழியே போகிறது என்று இருக்கிறது. அதன்படி பார்த்தால் பாறை கென்யாவுக்குள். உகாண்டா அதிபர் முசெவேனியே 2009இல், தீவு கென்யாவுடையது, ஆனால் சுற்றியுள்ள தண்ணீர் எங்களுடையது என்றார். படகுக்காரன் ஒருவன் என்னிடம், ‘பாறையில் மீன் மேயாது, தம்பி’ என்றான்.

எனக்குச் சிக்கல் அலுவலகத்தில்தான் வந்தது. ஏற்றுமதிப் படிவத்தில் மீன் எங்கே பிடித்தது என்று ஒரு கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்து, ‘விக்டோரியா ஏரி’ என்று எழுதி அனுப்பினேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சும்மா சுற்றுலா

நான் வேலைக்குப் போகவில்லை, யானை பார்க்கப் போனேன். போட்ஸ்வானாவில் கசானே என்ற ஊரில் சோபே ஆற்றில் படகு சவாரி. அக்கரை நமீபியா. ஆற்று நடுவே புல் மேடு, அதில் ஆள் இல்லாத இடத்தில் போட்ஸ்வானா கொடி மட்டும். முந்திரிக்காரர் சொன்ன அதே 1890 ஒப்பந்தம்தான் இங்கேயும். ‘முதன்மைக் கால்வாயின் நடு’ எல்லை என்று எழுதிவிட்டார்கள். மேடு ஆற்றை இரண்டாகப் பிரிக்கிறது. எது முதன்மை? நமீபியா தெற்கு என்றது, போட்ஸ்வானா வடக்கு என்றது. உலக நீதிமன்றம் 1999 டிசம்பரில் ஆழமும் அகலமும் பார்த்து வடக்கு என்று சொல்ல, நமீபியா ஏற்றுக்கொண்டது. வெட்டுக்குத்து இல்லை. மேட்டுக்கு இன்னும் இரண்டு பெயர், இங்கே செதுது, அங்கே கசிகிலி. யானைகள் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் நீந்துகின்றன.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

வாத்தியார் சார், அக்கா தங்கை கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். சந்தித்தார்களா?

மெக்கெலே வாத்தியார்

சந்தித்தார்கள். 2018 செப்டம்பர் 11, எத்தியோப்பியர்களுக்குப் புத்தாண்டு. அன்று சாலம்பெசாவில் எல்லையைத் திறந்தார்கள். வாரத்துக்குள் மெக்கெலே தெருவில் எரித்திரியா எண் பலகையோடு கார்கள். சிமென்டும் தெஃப் மூட்டையும் லாரி லாரியாக வடக்கே போயின. தங்கை வந்து பதினோரு நாள் இருந்தாள். இருவரும் ஒரே கட்டிலில்தான் படுத்தார்கள். ஜனவரி 7 கிறிஸ்துமஸுக்குத் திரும்ப வருவதாகச் சொல்லிப் போனாள். டிசம்பர் கடைசியில், காகிதம் இருந்தால்தான் விடுவோம் என்று எல்லையில் சொல்லிவிட்டார்கள். என்ன காகிதம், யார் கொடுப்பார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அதெய் பண்டிகைக்கு வாங்கிய ஆட்டை வெட்டாமல் பிப்ரவரி வரை வைத்திருந்தார்.

நான் 2019இல் திரும்பிவிட்டேன். 2020 நவம்பரில் திக்ராயில் போர் தொடங்கியதும் மெக்கெலேக்கே லைன் போய்விட்டது. எரித்திரியா ராணுவமும் அந்தப் போரில் எல்லை தாண்டி வந்தது. இந்த முறை ஜித்தா மருமகனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2022 நவம்பரில் சமாதான ஒப்பந்தம் ஆன பிறகுதான் எனக்கு அதெயின் குரல் கேட்டது.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

தங்கைக்கு எந்த ஊர் சார்?

மெக்கெலே வாத்தியார்

அஸ்மாராவுக்குத் தெற்கே தெகெம்ஹாரே. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

அஸ்மாராவிலிருந்து நாங்கள் வரும் வழிதான். வாரத்துக்கு இரண்டு தடவை லாரியை அந்தக் கடைத்தெருவில் நிறுத்தி மக்கியாட்டோ குடிப்போம். சட்டை பட்டன் தைக்கக் கொடுத்ததும் உண்டு. தையல் கடை இரண்டு மூன்று இருந்தது சார். நான் கொடுத்தது எந்தக் கடை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.