1930களின் பல்ப் இதழ்கள்: உதிரும் தாளை எப்படிக் காப்பது?

கடலோரவாசி (கேள்வி):
வணக்கம் நண்பர்களே. மலிவு மரக்கூழ்த் தாளில் அச்சான ‘பல்ப்’ வகை அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ்களில், 1938 முதல் 1944 வரையிலான ‘அஸ்டவுண்டிங்’ இதழ்கள் சிலவும், 1928 ஆகஸ்ட் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ ஒன்றும் கைவசம் உள்ளன. அட்டைகள் பளிச்சென்று இருக்கின்றன. உள்தாளோ காப்பித்தூள் நிறத்துக்குப் போய், புரட்டும்போதே ஓரம் உதிர்கிறது. இரண்டு இதழ்களின் முதுகில் பழைய செலோடேப் ஒட்டியிருக்கிறது. சென்னைக் கடற்கரை ஈரத்தில் இவற்றை எப்படி வைப்பது? லேமினேட் செய்யலாமா? ஸ்கேன் செய்வது எப்படி? 1928 அட்டையில் பறப்பவர் அமெரிக்கப் படக்கதை நாயகன் பக் ரோஜர்ஸ்தானா?

மரக்கூழ்:
முதலில், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் தாளோடு ஒன்றிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. தாளுக்குள் இருக்கும் அமிலமும் அங்கேயே அடைபட்டு வேலையைத் தொடரும்.

அட்டையும் உள்தாளும் ஒரே இதழில் இருந்தாலும் வேறு வேறு சரக்கு. அட்டை, பூச்சு கொடுத்த நல்ல காகிதம். உள்தாள், மரத்தை அப்படியே அரைத்த கூழ். மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் நீக்கப்படவில்லை. வெளிச்சம் பட்டால் பழுப்பாவது இதனால்தான். மை ஊறாமல் இருக்கச் சேர்த்த படிகாரமும் அமிலத்தைக் கூட்டுகிறது. அந்த அமிலம் செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக அறுக்கிறது, ஈரமும் வெப்பமும் அதை வேகப்படுத்துகின்றன. அறுந்த இழையை எதுவும் மறுபடி சேர்க்காது. அமிலநீக்கத் தெளிப்பான்கள் கூட மேற்கொண்டு அறுவதைத்தான் தாமதமாக்கும்.

உறைக்கு பி.வி.சி. கூடாது. அதிலிருந்து கசியும் எண்ணெய்த்தன்மையும் அமிலமும் அட்டை மையை இழுத்துவிடும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறைதான் சிறந்தது, 50 முதல் 100 மைக்ரான் தடிமன் போதும். ஆனால் அதில் நிலைமின்சாரம் உண்டு, உதிரும் ஓரத்தை இழுக்கும். மேலிருந்து செருகும் பை வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு பக்கம் மட்டும் ஒட்டிய, புத்தகம்போலத் திறக்கும் உறையில் இதழைக் கிடத்தி மூடுங்கள். பின்னால் கால்சியம் கார்பனேட் கலந்த, அமிலமற்ற அட்டை ஒன்று. பைண்டிங் கடையில் கிடைக்கும் வைக்கோல் அட்டை தானே அமிலம் விடும். சந்தேகம் இருந்தால் அமிலத்தைச் சோதிக்கும் பி.எச். பேனாவால் ஒரு கோடு இழுங்கள்: ஊதா என்றால் சரி, மஞ்சள் என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

உறைகளை மொத்தமாக ஒரே அளவில் வாங்கிவிடாதீர்கள். ‘அஸ்டவுண்டிங்’ 1941 டிசம்பர் வரை சுமார் 7க்கு 10 அங்குலம். 1942 ஜனவரி முதல் 1943 ஏப்ரல் வரை சுமார் எட்டரைக்குப் பதினொன்றரை அங்குலப் பெரிய அளவு. நடுவில் ஆறே மாதம் பழைய அளவுக்குத் திரும்பி, 1943 நவம்பரில் கையடக்க டைஜஸ்ட் ஆனது. உங்களிடம் மூன்று அளவும் இருக்கும். 1928 ‘அமேசிங்’கும் பெரிய அளவுதான். பல்ப் அட்டை உள்தாளைவிடச் சற்று நீண்டு வெளியே நிற்கும், அதையும் சேர்த்து அளங்கள். அந்த விளிம்பு மடிகிறதே என்று வெட்டிவிடுபவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மைதாவேண்டாம்:
செலோடேப்பைப் பிடுங்க வேண்டாம், தாளின் மேற்தோலும் கூடவே வரும். நாடா தானாகக் கழன்று பசை மட்டும் நின்றால் அப்படியே விடுங்கள், கரையை எடுப்பது தேர்ந்தவர் கைவேலை.

கிழிசலை ஒட்ட ஜப்பானியத் தாள் என்ற நீண்ட இழை கொண்ட மெல்லிய தாள், சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் எடை உள்ளது. கத்தரிக்காமல் ஈரக்கோடு போட்டுக் கிழித்தால் இழைகள் நீண்டு நின்று நன்றாகப் பிடிக்கும். பசை கோதுமை ஸ்டார்ச் அல்லது மெத்தில் செல்லுலோஸ். மைதாப் பசை வேறு. அதில் குளூட்டன் இருப்பதால் காய்ந்தபின் விறைக்கும், பூச்சியையும் அழைக்கும். பூச்சி வராதிருக்க நம் பைண்டர்கள் அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். அதிலுள்ள தாமிரம் தாள் சிதைவதைத் துரிதப்படுத்தும். பசையைக் கெட்டியாகவும் மிகக் குறைவாகவும் தடவுங்கள். பல்ப் தாள் நீரை உடனே உறிஞ்சும், ஈரத்தின் ஓரத்தில் பழுப்பு வளையம் நின்றுவிடும்.

ராமபாணப் பூச்சி இருந்தால் பாலித்தீன் பையில் காற்றை நீக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்கவே கூடாது. திறந்தால் குளிர்ந்த அட்டைமேல் நீர் கோக்கும், பூச்சு இளகிப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் உங்கள் நுரையீரலையும் பாதிக்கும்.

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சை, 30க்குக் கீழே போனால் தாள் இன்னும் நொறுங்கும். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு சிறிய ஈரமானியும் இருக்கட்டும், அதைப் பார்த்து ஜெல்லைக் கூட்டிக் குறையுங்கள். பகலில் ஏ.சி., இரவில் நிறுத்தம் என்ற ஏற்ற இறக்கமே பெரிய கேடு. பரண் கூடவே கூடாது.

நெகட்டிவ்:
ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாதீர்கள். பல்ப் இதழ் பக்கவாட்டில் பின் அடித்தது, காமிக்ஸ்போல மடிப்பில் பின் அடித்ததல்ல. முழுதாக விரித்தால் முதுகு உடையும். 90 டிகிரிக்குமேல் திறக்காத ‘வி’ வடிவத் தாங்கியில் வைத்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள். எடுக்கும் பக்கத்துக்குப் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றைச் செருகினால் மறுபக்க எழுத்து தெரியாது. உள்பக்கத்துக்கு 400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), அட்டைக்கு 600. 7க்கு 10 அங்குலப் பக்கம் 400இல் 2800க்கு 4000 புள்ளி, அழுத்தாத டிஃப் கோப்பாகச் சுமார் 34 எம்.பி. 160 பக்கம் என்றால் ஐந்தரை ஜி.பி. வட்டில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள். பழுப்பை வெளுப்பாக்குவதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள், மூலக்கோப்பைத் தொடாதீர்கள். படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) மென்பொருளுக்கு இரண்டு பத்தி என்று சொல்லவில்லை என்றால் வரிகள் குறுக்கே கலந்துவிடும்.

ஸ்கைலார்க்:
1928 அட்டைக்கு விடை: இல்லை. ஃப்ராங்க் ஆர். பால் வரைந்த அந்தப் பறக்கும் மனிதர் அதே இதழில் தொடங்கிய ‘தி ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்’ தொடருக்கானவர். பக் ரோஜர்ஸின் முதல் கதையும் அதே இதழில்தான் இருப்பதால் இந்தக் குழப்பம் பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. அந்தக் கதையில் நாயகன் பெயர் அந்தோனி ரோஜர்ஸ். ‘பக்’ என்ற பெயர் 1929 ஜனவரி 7இல் தொடங்கிய செய்தித்தாள் படத்தொடரில்தான் வந்தது.

ஸ்கேன் வரிசையில் 1938 ஆகஸ்ட், 1940 அக்டோபர் ‘அஸ்டவுண்டிங்’ இருந்தால் முதலில் எடுங்கள். முதலாவதில் ‘ஹூ கோஸ் தேர்?’, இதழாசிரியர் ஜான் கேம்ப்பெல், டான் ஏ. ஸ்டூவர்ட் என்ற புனைபெயரில் எழுதிய கதை. 1951, 1982 ‘தி திங்’ படங்களுக்கு மூலக்கதை இதுவே. இரண்டாவதில் ‘ஃபேர்வெல் டு தி மாஸ்டர்’ என்ற கதை. அதன் இயந்திர மனிதன் நட், 1951இல் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தில் கோர்ட் ஆனான்.

கடலோரவாசி:
மிக்க நன்றி. 1970களின் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி இதழ்களுக்கும் இதே முறைதானா?

மரக்கூழ்:
பெரும்பாலும் ஆம், நண்பரே. மலிவு அச்சுத்தாள்தான், நோயும் அதேதான். மடிப்பில் இருக்கும் பின் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். துரு பரவியிருந்தால் நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளை வழியே பருத்தி நூலால் தைக்கலாம். மடிப்பே நொறுங்கும் நிலையில் இருந்தால் தைக்காமல் தளர்வாக உறையில் விடுங்கள்.