கடைக்கு சோஷியல் மீடியா திட்டம் போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரை, சுங்குடிச் சேலைக் கடை:

மாமனார் காலத்துக் கடை. இன்ஸ்டாகிராம் தொடங்கலாம் என்று முடிவானதும் என் வீட்டுக்காரர் கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, வருபவர்கள் கேட்பதையெல்லாம் எழுதச் சொன்னார். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பக்கம் பக்கமாக வந்தது ஒரே கேள்வி: "சாயம் போகுமா?" அடுத்தது, "கையால முடிச்சுப் போட்டதா, பிரிண்டா?"

அந்த நோட்டுதான் எங்கள் திட்டம். முதல் வீடியோவில் மாமியார் ஒரு மெரூன் சேலையைக் கல்லுப்பு போட்ட வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசினார். தண்ணீர் லேசாகச் சிவந்தது. அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றாள் மகள். "முதல் அலசல்ல கொஞ்சம் போகும், அதைச் சொல்லித்தான் விக்கணும்" என்று மாமியார் விடவே இல்லை. இன்றும் வெளியூரிலிருந்து அழைப்பவர்கள் "அந்த வாளி வீடியோ பார்த்தேன்" என்றுதான் பேச ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு, சாயம் ஏறிக் காய்ந்த சேலையை இரண்டு பேர் பிடித்து இழுப்பதைக் காட்டினோம். முடிச்சுகள் படபடவென்று அவிழ்ந்து புள்ளிகள் தெரியும்போது விலை ஏன் கூடுதல் என்று விளக்கவே வேண்டியதில்லை. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதையும் சொல்கிறோம், ஆனால் இழுக்கும் காட்சிதான் விற்கிறது.

பருத்தி என்பதால் மாசியிலிருந்து சித்திரை வரை நிறையப் பதிவு போடுவோம். மழை மாதங்களில் சாயச் சேலை காயவே வெயில் இருக்காது, அப்போது புதுச் சரக்கு காட்டுவதில்லை.

கோவை, இட்லி மாவுக் கடை:

அக்கா, நோட்டு யோசனை அருமை. எங்கள் மாவு நாலு தெருவைத் தாண்டிப் போகாது. ஒரு விளம்பர நிறுவனம் தமிழ்நாடு முழுக்கக் காட்டுகிறோம், ஃபாலோயர் ஏறும் என்று வந்தது, வேண்டாம் என்றோம். மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரத்தில் கடை இருக்கும் இடத்தைக் குறித்து, சுற்றளவைச் சுருக்கி வைத்தாலே போதும். பட்ஜெட்டில் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே பார்த்து வந்தீர்கள் என்று கேட்டு பில்லில் குறிக்கிறோம். கூகுள் மேப் பார்த்து வந்தவர்களே அதிகம். அதனால் அங்கே கடை நேரத்தையும் படங்களையும் சரியாக வைப்பதுதான் எங்களுக்கு முதல் வேலை, ரீல்ஸ் அப்புறம்தான்.

திருச்சி, கவரிங் நகை:

2020 ஜூன் 29-ல் டிக்டாக் தடை வந்தபோது என் தம்பியின் வியாபாரமே அதில்தான் இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே ராத்திரியில் போனார்கள். வாங்கியவர்களின் எண்கள் மட்டும் வாட்ஸ்அப்பில் இருந்தன. அதை வைத்துத்தான் மீண்டான். ஒரே செய்தியைப் பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில், ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதுவும் நம் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் "இந்த எண்ணைச் சேமித்து ஒரு வணக்கம் அனுப்புங்கள்" என்று சீட்டு வைக்கிறோம்.

மதுரை அக்கா, போனில் பார்த்த நிறம் வேறு என்று சேலையைத் திருப்பி அனுப்புகிறார்களா? எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மதுரை, சுங்குடிச் சேலைக் கடை:

அனுப்பத்தான் செய்தார்கள் தம்பி. இப்போது வாசல் வெளிச்சத்தில் ஒரு படம், டியூப்லைட்டில் ஒரு படம், இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகே பேக்கிங். அதற்கப்புறம் திரும்பி வருவது ரொம்பக் குறைந்துவிட்டது.