எலியின் கால் தசையில் பார்க்கின்சன் நோயா? கெக் முடிவில் ஒரு சந்தேகம்

நெல்லைச்சாரல்:
எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. பயோடெக் கடைசி செமஸ்டர் புராஜெக்ட். கொழுப்புத் தீனியும் குறைந்த டோஸ் ஸ்ட்ரெப்டோசோடோசினும் கொடுத்துச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளின் கால் தசையில் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் செய்தோம். அளவு குறைந்த ஜீன்கள் 312. எந்த வேலையில், எந்த நோயில் எந்த ஜீன்கள் சேர்ந்து வரும் என்று காட்டும் வரைபடங்கள் கெக் (KEGG) தளத்தில் உண்டு. அந்தப் பட்டியலை அந்த கெக் பாத்வேக்களில் போட்டேன். முதல் மூன்று வரி பார்க்கின்சன், ஹண்டிங்டன், அல்சைமர். மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிக்கும் ஆக்சிடேட்டிவ் பாஸ்பாரிலேஷன் நாலாவதுதான். அதற்கும் கீழே கோவிட்-19!

மூளையை நாங்கள் தொடவே இல்லை. கைடு "நல்ல ரிசல்ட், நரம்பு நோய்த் தொடர்புன்னே தலைப்பு வெச்சிடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சினாப்சிஸ் கொடுக்க ஒன்பது நாள்தான் இருக்கு. எங்கே தப்பு செய்தேன்?

வரைபடக்காரி:
நீ தப்பு எதுவும் செய்யலம்மா. மனசு ஒப்பவில்லை என்றாயே, அதை விட்டுவிடாதே. 11 வருஷம் முன்னாடி எனக்கும் இதே வரிகள்தான் வந்தன. கேட்க ஆள் இல்லாமல் ஒரு மாசம் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தப் பார்க்கின்சன் வரியை கிளிக் பண்ணி வரைபடத்தைத் திற. எண் 05012. மைட்டோகாண்ட்ரியா சவ்வில் 'காம்ப்ளெக்ஸ் ஒன்று' (Complex I, ஆற்றல் தயாரிக்கும் ஒரு புரதக் கூட்டு) என்று ஒரு பெட்டி இருக்கும். பார்க்க ஒரே பெட்டி, உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட ஜீன்கள். 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் எம்பிடிபி (MPTP) என்ற நச்சுப்பொருள் கலந்த போலி ஹெராயினை ஏற்றிக்கொண்டவர்கள் பார்க்கின்சன் நோயாளிகள் மாதிரியே கை கால் விறைத்துப் போனார்கள். அந்தப் பொருள் உடம்பில் மாறி அடைப்பது இதே காம்ப்ளெக்ஸ் ஒன்றைத்தான். ஆகவே பெட்டி அங்கே இருப்பது நியாயம். 1995-ல் ஜப்பானின் கியோட்டோவில் மினோரு கானெஹிசா கெக்கைத் தொடங்கியதிலிருந்து இந்த வரைபடங்களை ஆட்கள் கட்டுரை படித்துக் கையால்தான் வரைகிறார்கள்.

ஆனால் என்ரிச்மென்ட், அதாவது உன் பட்டியலின் ஜீன்கள் எந்தப் படத்தில் அதிகம் என்று பார்க்கும் கணக்கு, தலையை மட்டும்தான் எண்ணும். உன் தசையில் குறைந்திருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஜீன்கள் அல்சைமர் படத்திலும் உண்டு, ஹண்டிங்டன் படத்திலும் உண்டு. ஒரே குடும்பம் நாலு வாக்குச்சாவடியிலும் ஓட்டுப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கோவிட்டும் அப்படித்தான். அந்த வைரஸின் என்எஸ்பி1 புரதம் நம் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் 40எஸ் பாகத்தில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் ரைபோசோம் புரதங்கள் அந்தப் படத்தில் இருக்கின்றன. ஆர்பிஎல், ஆர்பிஎஸ் என்று தொடங்கும் பெயர்கள் உன் பட்டியலில் வரிசையாக இருக்கும், பார்.

ஒரு சோதனை செய். எஸ்என்சிஏ, எல்ஆர்ஆர்கே2, பிங்க்1, பிஆர்கேஎன், பார்க்7. பரம்பரைப் பார்க்கின்சனில் பேசப்படும் ஜீன்கள் இவை. இதில் ஒன்றாவது உன் 312-ல் இருக்கா?

உன் ரிசல்ட் வீணில்லை. 2003-ல் வம்சி மூதா குழு சர்க்கரை நோயாளிகளின் தசையில் பார்த்ததும் இதுதான்: ஆக்சிடேட்டிவ் பாஸ்பாரிலேஷன் ஜீன்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் குறைந்திருந்தன, ஆனால் சேர்ந்து குறைந்திருந்தன. உன் தலைப்பு அங்கே இருக்கு.

பின்புலம்:
அக்கா சொன்னதோடு ஒன்று. ஒப்பிடுவதற்கான பின்னணிப் பட்டியலாக எலியின் மொத்த ஜீன்களையும் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். தசையில் வெளிப்படும் ஜீன்களை மட்டும் கொடுங்கள். தசையில் மைட்டோகாண்ட்ரியா எப்போதுமே அதிகம்; மொத்த ஜீன்களோடு ஒப்பிட்டால் அதுவே பெரிதாகத் தெரியும்.

அடுத்து மருந்துத் தொடர்பு தேட சிடிடி (CTD, வேதிப்பொருள், ஜீன், நோய்த் தொடர்புகளைத் தொகுக்கும் தளம்) பக்கம் போனால் 'நேரடி ஆதாரம்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் அந்தத் தொடர்பு ஊகம். ஒரு வேதிப்பொருள் ஒரு ஜீனோடும் ஒரு நோயோடும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தால், ஜீனையும் நோயையும் அந்தத் தளம் தானே கோத்துவிடும்.

நெல்லைச்சாரல்:
அக்கா, சார், ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். பார்க்கின்சன் வரியில் வந்த 58 ஜீன்களில் 51 ஆக்சிடேட்டிவ் பாஸ்பாரிலேஷனிலும் இருக்கு. மீதி ஏழில் ஆறு, வேண்டாத புரதங்களை உடைக்கும் புரோட்டியசோமின் ஜீன்கள். நீங்க சொன்ன ஐந்தில் ஒன்றுகூட இல்லை. பின்னணியை மாற்றியதும் பி-மதிப்பு (சிறிதாக இருந்தால் தற்செயல் என்று சொல்வது கடினம்) பத்தின் மைனஸ் 18-லிருந்து மைனஸ் 9-க்கு வந்தது.

58 பெயரையும் ஒரே தாளில் பிரின்ட் எடுத்து, 51-க்கு மஞ்சள் அடித்து, கைடு மேசையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவரே பேனாவை எடுத்துப் பழைய தலைப்பை அடித்துவிட்டு, "மூதா பேப்பரைக் கொண்டு வா" என்றார்.