புதுப்பிப்பு: கிட்டாரில் கார்டு மாறும் இடத்தில் லீட் ஒட்டாத பிரச்சினை

ஏ மைனர் 7, டி 7, ஜி மேஜர் 7 என்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) போகும்போது என் லீட் (அவற்றின் மேல் வாசிக்கும் தனி மெட்டு) வெறும் ஸ்கேல் (சுர வரிசை) பயிற்சி போலக் கேட்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். வழி பிடிபட்டுவிட்டது.

ஆர்பெஜியோவை (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) மேலும் கீழும் ஓட்டுவதை நிறுத்தினேன். ஒரு கார்டின் ஏழாவது சுரம் அடுத்த கார்டின் மூன்றாவதாக அரைச்சுரம் இறங்கும் இடத்தை மட்டும் பிடித்தேன். இரண்டாம் கம்பியில் 8ஆம் ஃப்ரெட்டின் (விரல் வைக்கும் கட்டம்) ஜி, டி 7 வந்ததும் 7ஆம் ஃப்ரெட்டின் எஃப் ஷார்ப். அப்புறம் மூன்றாம் கம்பியில் 5ஆம் ஃப்ரெட்டின் சி, ஜி மேஜர் 7 வந்ததும் 4ஆம் ஃப்ரெட்டின் பி. அவ்வளவுதான்! பேக்கிங் டிராக்கை (பின்னணி இசைப் பதிவு) நிறுத்திவிட்டு வாசித்தாலும் கார்டு மாறுவது காதில் விழுகிறது. முதல்முறை கேட்டபோது சிலிர்த்துவிட்டது.

வேகம் இன்னும் 70 பிபிஎம்தான் (நிமிடத்துக்கு 70 தட்டு). ஸ்வீப் பிக்கிங் (பிக்கைக் கம்பிகள் மேல் ஒரே இழுப்பாக ஓட்டி வாசிப்பது) அப்புறம் பார்க்கலாம்.