பென்சில்வேனியா கார்பன் விலையைக் கைவிட்டது: ஆலைகளுக்கு இது நிவாரணமா, இழப்பா?

உலைக்களம் எழுதியது:

நிதிநிலை அறிக்கை மீதான நீண்ட இழுபறியின் முடிவில், பென்சில்வேனியா மாநிலம் ‘ரெஜி’ ஏற்பாட்டிலிருந்து விலகும் சட்டத்தில் ஆளுநர் ஜாஷ் ஷபீரோ 2025 நவம்பரில் கையெழுத்திட்டார். ரெஜி என்பது அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் 2009 முதல் கூட்டாக நடத்திவரும் ஏற்பாடு. 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன் கொண்ட, நிலக்கரியோ எரிவாயுவோ எண்ணெயோ எரிக்கும் மின்நிலையங்கள், தாம் வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஓர் உரிமத்தை வைத்திருக்க வேண்டும். அந்த உரிமங்கள் பெரும்பாலும் ஏலத்தில் விற்கப்படுகின்றன; அவற்றின் விலையைத்தான் கார்பன் விலை என்கிறோம். முந்தைய ஆளுநர் டாம் வுல்ஃப் 2019-இல் நிர்வாக ஆணை ஒன்றின் மூலம் எங்கள் மாநிலத்தை இதில் சேர்க்க முற்பட்டார். விதிமுறை 2022-இல் வெளியானது. சட்டமன்ற ஒப்புதல் இல்லாமல் விதிக்கப்படும் வரி இது என்று 2023 நவம்பரில் மாநிலத்தின் காமன்வெல்த் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆக, ஒரு டாலர்கூட வசூலாகாமலேயே கதை முடிந்திருக்கிறது.

நான் மேற்குப் பென்சில்வேனியாவில் ஓர் இரும்பு வார்ப்பாலையில் மின்சாரக் கொள்முதலைக் கவனிப்பவன். இந்த விலகலை வரவேற்கிறேன், அதற்கான கணக்கையும் தருகிறேன். நவீன எரிவாயு நிலையம் ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.4 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. உரிமம் டன்னுக்கு 20 டாலர் என்றால் மெகாவாட்-மணிக்கு 8 டாலர், அதாவது யூனிட்டுக்கு 0.8 சென்ட் ஏறும். எங்கள் தூண்டல் உலைகள், மணல் கலக்கும் இயந்திரங்கள், தூசி உறிஞ்சிகள் எல்லாம் சேர்ந்து மாதம் 1,500 மெகாவாட்-மணி இழுக்கின்றன. மாதம் 12,000 டாலர், ஆண்டுக்கு 1,44,000 டாலர். ஒரு பழைய உலையின் உட்பூச்சையும் சுருளையும் மாற்றுவதற்கு ஒதுக்கியிருக்கும் பணம் அது. வாட்ஸ்ஆப்பில் வரும் ‘வீட்டுக்கு மாதம் இரண்டு டாலர்தானே’ என்ற வாதத்தை எழுதுபவர்கள், உலை ஓடும் இடத்தில் அதே விகிதம் எவ்வளவு ஆகிறது என்று ஒருமுறை பெருக்கிப் பார்க்க வேண்டும்.

மின்தடம் எழுதியது:

நண்பர் உலைக்களத்தின் பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். நான் நியூஜெர்சியில் மின்தொடரமைப்புத் திட்டமிடலில் பணிபுரிகிறேன். பென்சில்வேனியா, நியூஜெர்சி, ஓஹையோ உள்ளிட்ட 13 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் டி.சி.க்கும் சந்தையை நடத்தும் பிஜேஎம் அமைப்பு, தேவை உச்சத்தைத் தொடும் நாள்களில் மின்நிலையங்கள் தயாராக நிற்பதற்காகத் ‘திறன் ஏலம்’ என்ற தனி ஏலம் ஒன்று நடத்துகிறது; அந்தச் செலவு நுகர்வோரின் பில்லில் திறன் கட்டணமாக வருகிறது. 2024-25 ஆண்டுக்கு அந்த விலை மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலர், அடுத்த ஆண்டுக்கு 269.92 டாலர், அதற்கடுத்த ஆண்டுக்கு 329.17 டாலர். உங்கள் ஆலையின் உச்சத் தேவை 3 மெகாவாட் என்று வைத்துக்கொண்டால், முதல் தாவலிலேயே ஆண்டுக்கு ஏறக்குறைய 2,64,000 டாலர் கூடியிருக்கும். நீங்கள் அஞ்சிய கார்பன் செலவைவிட இது மிக அதிகம். இதில் கார்பன் விலை ஒரு சென்ட்கூட இல்லை. தரவு மையங்களின் புதிய தேவையும், ஓய்வு பெற்ற நிலையங்களின் இடத்துக்குப் புதியவை போதிய வேகத்தில் வராததும்தான் காரணம்.

உங்கள் பகுதியிலேயே இருந்த ஹோமர் சிட்டி, மாநிலத்தின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையம், 2023 ஜூலையில் மூடப்பட்டது. அது ஒரு நாளும் கார்பன் விலை கொடுத்ததில்லை. மலிவான எரிவாயுவோடு போட்டியிட முடியாமல்தான் அது விழுந்தது.

உலைக்களம் எழுதியது:

ஹோமர் சிட்டி ஒரு நாளும் கார்பன் விலை கொடுத்ததில்லை என்பது சரி. ஆனால் நான்கு ஆண்டுகள் ‘வரும், வராது’ என்று தொங்கிய விதிமுறையின் நிழலில் எந்த முதலாளி ஒரு பழைய கொதிகலனுக்குப் பணம் போடுவார்?

திறன் கட்டணத்தைப் பொறுத்தவரை, அதை நாங்கள் எதிர்த்துப் போராட முடியும், போராடுகிறோம். பிஜேஎம் வட்டாரத்தின் ஆண்டு உச்சம் விழுகிற ஐந்து மணி நேரங்களில் ஒவ்வோர் ஆலையும் எவ்வளவு இழுத்தது என்பதை வைத்தே அடுத்த ஆண்டுக்கான அந்தக் கட்டணம் கணக்கிடப்படுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வானிலை முன்னறிவிப்பு கடும் வெப்பம் என்று சொல்லும் நாள்களில், பிற்பகல் இரண்டரை மணிக்கே உருக்கிய இரும்பை ஊற்றி முடித்துவிடுவோம். மூன்று முதல் ஏழு மணி வரை உலைகளில் மிச்ச உருகலை உறையாமல் காக்கும் அளவுக்கு மட்டுமே மின்சாரம். ஆட்கள் அந்த நேரத்தில் அச்சு தயாரிப்பார்கள், சிராய்ப்பு வேலை பார்ப்பார்கள். இரவுப் பணி முறையில் ஈடுகட்டுவோம். இப்படி உச்சக் கணக்கைப் பாதியாக்கியிருக்கிறோம். கார்பன் விலையிடம் இந்த வித்தை பலிக்காது. நள்ளிரவு இரண்டு மணிக்கும் சந்தை விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு எரிவாயு நிலையம் அல்லது நிலக்கரி நிலையம்தான். ஒவ்வொரு யூனிட்டிலும் அது ஒட்டிக்கொண்டே வரும்.

எங்கள் மாநிலத்தில் விலை வைத்தால் உற்பத்தி மேற்கு வர்ஜீனியாவுக்கும் ஓஹையோவுக்கும் நகரும் என்பதையும் மறக்கக் கூடாது. புகை எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். வேலைகளும் அதோடு போகும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இருவரும் செலவை மட்டுமே பேசுகிறீர்கள். ஏலப் பணம் எங்கே போகிறது என்பதில்தான் ஆலைகளின் தலைவிதி இருக்கிறது, அதை ஒவ்வொரு மாநிலமும் வேறுவிதமாகச் செய்திருக்கிறது. நியூஹாம்ப்ஷயர் உரிமம் ஒன்றுக்கு ஒரு டாலருக்கு மேல் கிடைக்கும் தொகையை மின் நுகர்வோருக்கே திருப்பித் தருகிறது. வர்ஜீனியா உறுப்பினராக இருந்த 2021 முதல் 2023 வரை, வருவாயில் 45 விழுக்காட்டை வெள்ளத் தடுப்புக்கும் பாதியைக் குறைந்த வருமான வீடுகளின் ஆற்றல் சேமிப்புக்கும் ஒதுக்கியது. நல்ல காரியங்கள், ஆனால் வார்ப்பாலைக்கு அதில் எதுவும் வராது. ரெஜி மின்நிலையங்களை மட்டுமே நேரடியாகத் தொடுவதால், ஆலைகளுக்கென்று இலவச உரிமம் என்ற பேச்சே அதில் எழுவதில்லை. செலவு மறைமுகமாக வருகிறது, ஈடும் மறைமுகமாகவே வர வேண்டியிருக்கிறது.

வடமேற்கு எழுதியது:

நான் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு காகித ஆலையில் இருக்கிறேன். எங்கள் கார்பன் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டு 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மின்நிலையங்களோடு பெரிய ஆலைகளையும் நேரடியாகவே உள்ளே இழுக்கும் சட்டம் அது. ஆனால் ஆற்றலை அதிகம் உண்ணும், வெளிச்சந்தைப் போட்டிக்கு ஆளான ஆலைகளுக்கு முதல் கட்டத்தில் 2026 வரை அடிப்படை அளவின் முழுமைக்கும் இலவச உரிமம் உண்டு. அடுத்த கட்டத்தில் 97 விழுக்காடு, அதற்கடுத்து 94. எத்தனை டன் காகிதம் செய்கிறோமோ அதற்கேற்ப உரிமம் கிடைப்பதால், உற்பத்தியைக் கூட்டினால் தண்டனை இல்லை. டன்னுக்கான புகையைக் குறைத்தால் மிச்ச உரிமத்தை விற்கலாம். எங்கள் கொதிகலன் அறையில், நீராவியைப் பிடித்துவைத்துக் குழாயில் சேரும் நீரை மட்டும் வெளியேற்றும் நீராவிப் பொறிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கசிந்தவற்றை மாற்றும் வேலைக்குப் பல ஆண்டுகளாகக் கிடைக்காத அனுமதி, இந்தக் கணக்கைக் காட்டியதும் கிடைத்தது.

எனக்கு இருக்கும் குறை வேறு. 2023 ஆகஸ்ட் ஏலத்தில் உரிமம் 63 டாலர். சட்டத்தையே நீக்கக் கோரும் பொதுவாக்கெடுப்பு வருகிறது என்றதும் 2024 மார்ச்சில் 26 டாலருக்கும் கீழே போனது. அந்த ஆண்டு நவம்பரில் வாக்காளர்களில் ஏறக்குறைய 62 விழுக்காட்டினர் சட்டத்தைக் காப்பாற்றினார்கள். ஒரு மின்சாரக் கொதிகலனின் ஆயுள் 20 ஆண்டு. விலை ஓராண்டுக்குள் பாதிக்கும் கீழே விழுகிற சந்தையை நம்பி அதை எப்படி வாங்குவது? உயர்ந்த விலையைவிட நிலையில்லாத விலைதான் எங்களைக் கட்டிப்போடுகிறது.

மின்சாரச் செலவு ஆலையை மூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஃபெர்ன்டேலில் இருந்த இன்டால்கோ அலுமினிய ஆலை 2020-இல் நிறுத்தப்பட்டது. மலிவான மின்சார ஒப்பந்தம் கைகூடாத நிலையில் 2023-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. ஒரு டன் அலுமினியத்துக்கு 14, 15 மெகாவாட்-மணி வேண்டும். ஆனால் அது உற்பத்தியை நிறுத்தியபோது எங்கள் கார்பன் சட்டம் பிறக்கவேயில்லை.

மின்தடம் எழுதியது:

உலைக்களம் சொன்ன எல்லை தாண்டும் புகைக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் அவர் சரியான இடத்தில் நின்று தவறான பக்கம் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

நியூஜெர்சி, மேரிலாந்து, டெலவேர் மூன்றும் பிஜேஎம்முக்குள்ளும் இருக்கின்றன, ரெஜியிலும் இருக்கின்றன. அவை விலை வைக்கும்போது கசிவு எங்கே போகிறது? நாட்டிலேயே வெளிமாநிலங்களுக்கு மிக அதிகமாக மின்சாரம் அனுப்பும் பென்சில்வேனியாவுக்குத்தான். அந்தப் பெரிய ஓட்டையை அடைப்பதற்கான வாய்ப்பைத்தான் மாநிலம் இப்போது கைவிட்டிருக்கிறது.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. பிஜேஎம் ஒரே சந்தை. மின்தடங்களில் நெரிசல் இல்லாத மணி நேரங்களில், தேவையை நிறைவு செய்யக் கடைசியாகச் சேர்க்கப்படும் நிலையத்தின் விலைதான் வட்டாரம் முழுவதற்கும் விலை. அந்தக் கடைசி நிலையம் மேரிலாந்தில் இருந்தால், அது கட்டும் கார்பன் விலை ஏற்கெனவே உங்கள் பில்லில் இருக்கிறது. அதை நீங்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். வருவாய் மட்டும் மேரிலாந்துக்குப் போகிறது. அதேபோல் பென்சில்வேனியா விலை வைத்திருந்தால், ஓஹையோவில் உங்கள் போட்டியாளரும் அதே சந்தை விலையின் பெரும்பகுதியைக் கொடுத்திருப்பார். வருவாய் உங்கள் மாநிலத்திடம் இருந்திருக்கும். அதை வார்ப்பு டன் கணக்கில் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தால் அவரைவிட நீங்கள் ஒரு படி மேலே நின்றிருப்பீர்கள்.

பீவர் வேலி அணுமின் நிலையத்தையும் நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 1,800 மெகாவாட், உங்கள் ஆலைக்கு அருகில். 2021-இல் மூடுவதாக அறிவித்திருந்த உரிமையாளர்கள், 2020 மார்ச்சில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றபோது, மாநிலம் ரெஜியில் சேரவிருப்பதையே காரணமாகச் சொன்னார்கள். வசூலாகாத ஒரு கார்பன் விலையின் வாக்குறுதியே இவ்வளவு மின்சாரத்தைக் காப்பாற்றியது. இதே மாநிலத்தின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் முதல் உலைக்கு அந்த வாக்குறுதி வரவில்லை. 2019 செப்டம்பரில் மூடினார்கள், இப்போது மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை வைத்துத் திரும்பத் திறக்க உழைக்கிறார்கள்.

உலைக்களம் எழுதியது:

பீவர் வேலி பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அந்த நிலையம் போயிருந்தால் இன்றைய திறன் ஏலத்தில் எங்கள் நிலை இன்னும் மோசமாகியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓஹையோ பற்றிய என் வாதத்தையும் நீங்கள் சொன்ன அளவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். சந்தை விலை எல்லைக்கோட்டில் நிற்பதில்லை என்பதை என் பில்லிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் எங்களுடைய உண்மையான போட்டி ஓஹையோவில் இல்லை. அலபாமாவில், பர்மிங்ஹாமைச் சுற்றியிருக்கும் வார்ப்பாலைகள் பிஜேஎம்முக்கு வெளியே, சந்தை விலையில் அல்லாமல் மாநில ஆணையம் ஒழுங்குபடுத்தும் கட்டணத்தில் மின்சாரம் வாங்குகின்றன. அவற்றுக்கும் அப்பால் கப்பலில் வந்திறங்கும் வார்ப்புகள் இருக்கின்றன. ஒரு மாநிலம் தன் எல்லையில் இறக்குமதிக்குச் சுங்கம் வைக்க அமெரிக்க அரசியலமைப்பு இடம் கொடுக்காது. மாதம் 1,000 டன் வார்க்கும் எங்களுக்கு முதலில் சொன்ன கார்பன் செலவு டன்னுக்கு 12 டாலர். பவுண்டுக்கு அரை சென்ட்டுக்குச் சற்று மேல். பம்பு உறை வாங்கும் வாடிக்கையாளர் அரை சென்ட்டுக்காகப் பேரத்தை மாற்றியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

மின்தடம் எழுதியது:

அந்த 12 டாலரைத்தான் கேட்கிறேன். அது ஏலப் பணத்திலிருந்து வார்ப்பு டன்னுக்கு இவ்வளவு என்று உங்களுக்கே திரும்பி வந்தால்? நீங்கள் யூனிட்டைச் சேமித்தாலும் அந்தத் தொகை குறையாது, ஏனென்றால் அது மின்சாரத்தை அல்ல, வார்ப்பை அளந்து தரப்படுவது. வாஷிங்டன் நண்பரின் காகித ஆலைக்கு இலவச உரிமமாகக் கிடைப்பது இதுவே. அலபாமாவோடு உங்கள் பேரம் மாறாது. உலை மூடியின் இடுக்கில் போகும் வெப்பத்தை அடைக்க மட்டும் காரணம் கூடும்.

உலைக்களம் எழுதியது:

2022 விதிமுறையில் அப்படி ஒரு வாசகம் எங்கள் ஆலைக்காக எழுதப்பட்டிருந்தால் நான் எதிர்த்து மனு அனுப்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்தத் தொகையில் சட்டமன்றம் ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கைக்காகக் கை வைக்காதிருக்க என்ன உறுதி? வாஷிங்டன் நண்பர் சொன்ன 97, 94 விழுக்காடுகள் சட்டத்திலேயே எழுதப்பட்டவையா, அல்லது துறை நினைத்தால் மாற்றக்கூடியவையா?

வடமேற்கு எழுதியது:

சட்டத்திலேயே எழுதப்பட்டவை. 2034 வரைக்கும் மட்டும். அதற்குப் பிறகு என்ன என்பதைச் சட்டமன்றம் இன்னும் எழுதவில்லை; எங்கள் கொதிகலன் கோப்பும் அதற்காகத்தான் காத்திருக்கிறது.